கேளுங்க டீச்சர்: வேலைய விடாம பி.எட் முடிக்கலாமா?

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு 27 வயசு. பி.எஸ்சி மேத்ஸ் முடிச்சிட்டு மன்னார்குடில ஒரு நகைக்கடன் ஆபீஸ்ல 5 வருசமா வேலை பாக்குறேன், சம்பளம் 14 ஆயிரம். அப்பா 6 மா (கிட்டத்தட்ட 2 ஏக்கர்) நிலத்த குத்தகைக்கு எடுத்து பண்றாங்க, மேட்டூர் தண்ணி நேரத்துக்கு வந்தா குறுவை, இல்லன்னா சம்பா மட்டும்தான், அதனால என் சம்பளம் இல்லாம வீடு ஓடாது. கும்பகோணம் மாதிரி டவுன்ல கார்ப்பரேஷன் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா போகணும்னு ரொம்ப நாள் ஆசை. தெரிஞ்சவர் ஒருத்தர், காலேஜுக்கே வர வேணாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும், ரெகுலர் பி.எட் சர்ட்டிபிகேட்டே வாங்கித் தரேன்னு சொல்லி கொஞ்சம் கூடுதலா பணம் கேக்குறார். சேரலாமா?
- மன்னார்குடி வாசகி

பதில்: சேராதீங்கம்மா. உங்க நெலமை புரியாம சொல்லல, புரிஞ்சுதான் சொல்றேன்.

முன்னாடி பி.எட் ஒரு வருசமா இருந்துச்சு, 2015லேருந்து ரெண்டு வருசம். ஆசிரியர் படிப்புக்கு விதி போடுற என்.சி.டி.இ (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) கணக்குப்படி வகுப்புக்கு 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும், ஸ்கூல் இன்டர்ன்ஷிப்புக்கு, அதாவது பள்ளிக்கூடத்துல போயி பாடம் நடத்திப் பழகுறதுக்கு, 90. அந்த இன்டர்ன்ஷிப் மொத்தம் 20 வாரம், முதல் வருசம் 4, ரெண்டாவது வருசம் 16. வராமலே தரேன்னு சொல்றவர் இந்த அட்டெண்டன்ஸ எல்லாம் பொய்யா எழுதித்தான் தரணும். சர்ட்டிபிகேட்ல நீங்க பகல்ல காலேஜ்ல இருந்தீங்கன்னு இருக்கும், அதே நாள்ல உங்க ஆபீஸ் வருகைப் பதிவுல கையெழுத்து இருக்கும், பி.எஃப் புடிச்சிருந்தா அதுவும் இருக்கும், எந்த வருசமாவது யாராவது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா என்ன பதில் சொல்வீங்க. அவர் அப்ப போன எடுக்க மாட்டார்.

இதவிட எனக்கு பெரிய கவலை ஒண்ணு இருக்கு. இப்படி படிச்சிட்டு வந்த ஒரு பொண்ண எனக்குத் தெரியும், நல்ல பொண்ணு, பாடமும் தெரியும், ஆனா 45 பேர் உக்காந்திருக்கிற ஏழாம் வகுப்புல அவ நின்ன முதல் நாளே வேலைக்குச் சேர்ந்த நாள்தான், பக்கத்துல நின்னு பாக்க ஒரு கைடு டீச்சர் இல்ல, லெசன் பிளான திருத்தித் தர ஆள் இல்ல, மூணு மாசம் தினமும் அழுதுட்டு வீட்டுக்குப் போனா. பிள்ளைங்களுக்கும் அந்த மூணு மாசம் போச்சு, அத யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

அப்ப தபால் வழில படிக்கலாமேன்னு கேப்பீங்க. இக்னோங்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயும் பி.எட் இருக்கு, ஆனா அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவங்களுக்கு, அதாவது டி.டி.எட் (ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கான டிப்ளமோ) மாதிரி நேர்ல போயி படிச்சவங்க, இல்ல பயிற்சி பெற்று வேலைல இருக்கிற ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு. வெறும் பி.எஸ்சி வச்சு அதுல சேர முடியாது. உங்களுக்கு ரெகுலர் ஒண்ணுதான் வழி.

நான் உங்க எடத்துல இருந்தா இப்படி பண்ணுவேன். இப்ப வேலைய விட வேணாம், எம்.எஸ்சி மேத்ஸ தொலைதூரக் கல்வில போடுங்க, அதுக்கு வேலைய விடத் தேவையில்ல, யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் அந்த வருசத்துக்கு இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. அந்த ரெண்டு வருசமும் மாசா மாசம் ஒரு சீட்டு கட்டுங்க, அது பி.எட் வருசத்துக்குன்னே தனியா, வீட்ல யார் கேட்டாலும் எடுக்காதீங்க. அதுக்கப்புறம் ரெகுலர் பி.எட். அரசு காலேஜ், உதவி பெறும் காலேஜ் சீட்டெல்லாம் கவுன்சிலிங்லதான், நம்ம பக்கம் ஒரத்தநாட்டுலயே அரசு கல்வியியல் கல்லூரி இருக்கு, அத முதல் சாய்ஸா போடுங்க. சாயங்காலம் பத்தாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு கணக்கு டியூஷன் எடுத்தா 14 ஆயிரம் வராது, ஆனா வீட்டு மளிகைக்காவது வரும். நாலு வருசமான்னு மலைப்பா இருக்கும். ஆனா எம்.எஸ்சியும் பி.எட்டும் சேந்து இருந்தா ஹயர் செகண்டரில முதுகலை ஆசிரியர் போஸ்ட்டுக்கும் எழுதலாம், பட்டதாரி ஆசிரியருக்கும் எழுதலாம், ரெண்டு கதவு. பட்டதாரி ஆசிரியர்னா டெட்டுங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுல ரெண்டாம் தாள் பாஸ் பண்ணி, அதுக்கு மேல டி.ஆர்.பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வைக்கிற போட்டித் தேர்வும் எழுதணும். பி.எட் வச்சு ஒண்ணுலேருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போக முடியாதுன்னு 2023 ஆகஸ்ட்லயே உச்சநீதிமன்றம் சொல்லிடுச்சு, அதனால சின்ன வகுப்பு எடுக்கலாம்னு யாராவது ஆசை காட்டினா நம்பாதீங்க.

டவுன் ஸ்கூல்னு கேட்டீங்களே, அதப்பத்தி சொல்லாம விட மனசில்ல. நான் ரொம்ப வருசம் கிராமத்துல இருந்துட்டு கும்பகோணத்துக்கு மாறி வந்தேன். கிராமத்துல ஒரு பையன் ரெண்டு நாள் வரலன்னா அவங்க வீட்டுத் திண்ணைல போயி உக்காந்து கேட்டுடலாம். டவுன்ல வாடகை ஏறினா வீடு மாறிடுவாங்க, அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனா நடுவருசத்துல டி.சி வாங்கிட்டு குடும்பமே போயிடும், ஆறு மாசம் கழிச்சு திரும்பி வரும், பின்னக் கணக்கு அந்தப் பிள்ளைக்கு அங்கயும் நடத்தல இங்கயும் நடத்தல. வந்த முதல் வருசம் நான் தினமும் 20 கணக்கு ஹோம்வொர்க் குடுத்தேன். காலைல பிரேயர் பெல்லுக்கு முன்னாடி வராண்டால வரிசையா உக்காந்து ஒரே நோட்ட பாத்து எழுதிக்கிட்டிருப்பாங்க, நான் திட்டுவேன். பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, ஒரே ரூம், அஞ்சு பேர், அதுலயே பூ கட்டுற வேலையும் நடக்குது, நோட்ட விரிச்சு வைக்க எடமில்ல. அதுக்கப்புறம் ஹோம்வொர்க்க நாலு கணக்கா குறைச்சு கடைசி பீரியட்ல 15 நிமிசம் அங்கயே போட வச்சேன், ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னாடி ஒரு நாள் போன வகுப்பு பாடத்த மறுபடி தொட்டேன். காப்பி அடிக்கிறது நின்னுச்சு, அவங்க தப்பெல்லாம் அப்பதான் என் கண்ணுல பட்டுச்சு.

இதெல்லாம் அந்த 16 வார இன்டர்ன்ஷிப்புலதான் உங்களுக்கும் புடிபடும். அதனால இன்டர்ன்ஷிப்புக்கு ஸ்கூல் போடுறப்ப வீட்டுக்குப் பக்கத்துல வேணும்னு கேக்காதீங்க, டவுன்ல மாநகராட்சி இல்லன்னா நகராட்சிப் பள்ளியா கேட்டு வாங்குங்க.

கேள்வி: டீச்சர், நான் டி.டி.எட் முடிச்சிட்டு மயிலாடுதுறைல உதவி பெறும் தொடக்கப் பள்ளில 4 வருசமா இருக்கேன். பி.ஏ இங்கிலீஷும் முடிச்சாச்சு. வேலைல இருந்துட்டே பி.எட் பண்ணலாமா?
- மயிலாடுதுறை வாசகர்

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி, மேல சொன்ன தொலைதூர பி.எட் உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான். குறைஞ்சது ரெண்டு வருசம் ஆகும். இக்னோல நுழைவுத் தேர்வு உண்டு, வருசத்துக்கு 12 நாள் வொர்க்‌ஷாப் உண்டு, அதுக்கு லீவ முன்கூட்டியே தலைமையாசிரியர்கிட்ட பேசி வைங்க. தபால் வழிதானேன்னு அசைன்மென்ட்ட கடைசி வாரத்துக்கு தள்ளாதீங்க. உங்களுக்கு இன்னொரு அவசர வேலையும் இருக்கு. ரிட்டயர்மென்ட்டுக்கு 5 வருசத்துக்கு மேல இருக்கிற ஆசிரியருங்க ரெண்டு வருசத்துல டெட் பாஸ் பண்ணணும்னு 2025 செப்டம்பர் 1ல உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொல்லிருக்கு. இன்னும் பாஸ் பண்ணலன்னா முதல்ல டெட்ல ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கான முதல் தாள முடிங்க, பி.எட் அப்ளிகேஷன் அடுத்த செஷனுக்குப் போட்டாலும் பரவால்ல.