முதுகுவலி வந்து பத்து நாள்தான் ஆகிறது, எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

பெரும்பாலும் தேவைப்படாது. அமெரிக்காவில் ஏபிஐஎம் என்ற மருத்துவ அறக்கட்டளை, தேவையில்லாத பரிசோதனைகளையும் சிகிச்சைகளையும் தவிர்க்க 2012-இல் தொடங்கிய 'சூசிங் வைஸ்லி' இயக்கத்தின் பரிந்துரைகளில் ஒன்று: அபாய அறிகுறி இல்லாத கீழ்முதுகு வலிக்கு முதல் 6 வாரம் ஸ்கேன் வேண்டாம். பெரும்பாலான வலி அதற்குள் தானே குறைந்துவிடும்.

ஸ்கேன் எடுப்பதில் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் பாதிப் பேருக்கு மேல் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு புடைத்திருப்பது) தெரியும். தலை நரைப்பதைப் போல அதுவும் வயதின் அடையாளம். ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் பயம் பிடிக்கும். குனியவே அஞ்சி, படுத்தே கிடப்பார்கள், வலி நீளும். சிலர் தேவையில்லாத ஊசி, அறுவை சிகிச்சை வரை போய்விடுகிறார்கள்.

டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் "வேண்டாம்" என்று மறுக்காமல், "ரிசல்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா? சில வாரம் பொறுத்தால் ஆபத்து உண்டா? அதுவரை என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். முதல் கேள்விதான் முக்கியம். மாறாது என்றால் காத்திருக்கலாம்.

ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் கூடிக்கொண்டே போதல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, முன்பு புற்றுநோய், கீழே விழுந்த அடி இருந்தாலும் 6 வாரக் கணக்கு பொருந்தாது; இவற்றை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.