ஒற்றை நாற்று நடவு: களை மூடிய வயலில் மறுபடி இறங்கலாமா?

கேள்வி: தென்காசிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். போன பிசானப் பருவத்தில் அரை ஏக்கர் நெல்லுக்குக் குத்துக்கு ஒரே நாற்றாக, ஒற்றை நாற்று நட்டோம். அங்கங்கே நாற்று செத்தது. களையை அமுக்கும் உருளைக் கருவியான கோனோவீடர் 25ஆம் நாள்தான் கிடைத்தது; அதற்குள் களை மூடிவிட்டது. விளைச்சல் பழைய நடவைவிடக் குறைவு. வீட்டில் “இனி அந்தப் பேச்சே வேண்டாம்” என்கிறார்கள். மறுபடி முயலலாமா?

பதில்: முயலுங்கள். ஆனால் இந்த முறை 20 சென்ட் போதும். கிணற்றுப் பாசனம் என்பது உங்களுக்குச் சாதகம். தண்ணீரை நினைத்தபோது விடவும் நிறுத்தவும் முடிகிறவர்களுக்குத்தான் இந்த முறை ஒத்துவரும். மழைத் தண்ணீர் வடியாமல் நிற்கும் பள்ளக்கால் வயலாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

இது மடகாஸ்கரில் பிறந்த முறை. அங்கே உழவர்களோடு வேலை செய்துவந்த ஆன்ரி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1983 வாக்கில் நேர நெருக்கடியில் 15 நாள் நாற்றையே நட வேண்டியதாயிற்று. அது வழக்கத்தைவிட அதிகமாகத் தூர் கட்டியதை, அதாவது பக்கத் தண்டுகள் விட்டதைப் பார்த்துத்தான் முறையை வகுத்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் அதைப் பல நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரிப் படுகையிலும் உங்கள் தாமிரபரணிப் படுகையிலும் விவசாயிகள் வயலிலேயே நட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. ஹெக்டேருக்கு 15 டன் என்று சொல்லப்பட்ட கணக்குகளைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. நானும் அந்த எண்ணை யாருக்கும் சொல்வதில்லை. விதையும் தண்ணீரும் மிச்சமாகும். வேலையைப் பருவத்தில் செய்தால் விளைச்சலும் கூடும். அவ்வளவுதான் என் வாக்கு.

சரி, உங்கள் வயலில் என்ன நடந்தது? பழைய நடவில் நிற்கிற தண்ணீர்தான் பாதிக் களையை அடக்குகிறது. இதில் தண்ணீரையும் குறைக்கிறோம், 22.5 சென்டிமீட்டர் இடைவெளியும் விடுகிறோம். ஒரு சதுர மீட்டருக்கு 20 குத்துதான். மீதி இடமெல்லாம் வெயில் விழுகிறது, களைக்குக் கேட்கவா வேண்டும்? அதனால் நட்ட 10ஆம் நாள் முதல் தடவை கருவி ஓட்டியாக வேண்டும், அப்புறம் பத்து நாளுக்கு ஒரு தடவை, 40ஆம் நாள் வரை. களை இரண்டு இலை விட்டு நிற்கும்போது உருளை அதை அப்படியே சேற்றில் அமுக்கி உரமாக்கிவிடும். 25ஆம் நாள் வேர் பிடித்த கோரையை எந்த உருளையும் அசைக்காது. ஆகவே கருவி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் விதையை ஊற வையுங்கள். வயலில் மெல்லிய தண்ணீர் நிற்கும்போது முன்னும் பின்னுமாகத் தள்ளுங்கள். காய்ந்த சேற்றில் தள்ளினால் தோள்பட்டை போய்விடும். கட்டம் சதுரமாக விழுந்திருந்தால் குறுக்கிலும் ஓட்டலாம். மண் கிளறி வேருக்குக் காற்றுக் கிடைக்கும் லாபம் அப்போதுதான் முழுதாக வரும். குத்தை ஒட்டி நிற்கும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

நாற்று செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் பிடுங்கிய விதம். ஏக்கருக்கு ஒரு சென்ட் பாய் நாற்றங்காலும் 3 கிலோ விதையும் போதும். அடியில் பாலித்தீன் தாள், மேலே மண்ணும் மக்கிய எருவும். 14ஆம் நாள் நடவுக்கு எடுக்கும்போது நாற்றைப் பிடுங்கவே கூடாது. பாயாக வெட்டித் தட்டில் வைத்து வயலுக்குக் கொண்டு போங்கள். ஒரு நாற்றைப் பிரித்துப் பாருங்கள்: அடியில் விதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், வேரில் மண் இருக்கும். அந்த விதையோடும் மண்ணோடும் அரை மணி நேரத்துக்குள் நட வேண்டும். ஆழமாகக் குத்தக் கூடாது. குத்தினால் வேர் நுனி தூண்டில் முள் மாதிரி மேலே திரும்பிவிடும். அது மறுபடி கீழே இறங்குவதற்குள் தூர் கட்டும் நாட்கள் வீணாகும். சேற்றின் மேல் மட்டத்தில் பக்கவாட்டில் லேசாகச் செருகினால் போதும்.

நடவுப் பெண்களிடம் காண்ட்ராக்ட் பேசாதீர்கள். ஏக்கர் கணக்கில் கூலி என்றால் வேகம்தான் வரும், அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. 20 சென்டுக்கு நாள் கூலி கொடுத்து, முதல் இரண்டு வரிசையை நீங்களும் கூட நின்று நடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் வார்த்தையே போதும்: காய்ச்சலும் பாய்ச்சலும். மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் இரண்டரை சென்டிமீட்டர் கட்டுங்கள். கதிர் உருவாகும் பருவத்திலிருந்து பால் பிடிக்கும் வரை காயவிடாதீர்கள். அங்கே தவறினால் பதராகும். வெடிப்பைப் பார்த்து முடிவு செய்யத் தயக்கமாக இருந்தால் துளையிட்ட ஒரு குழாயை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் புதைத்து வையுங்கள். உள்ளே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். பிலிப்பைன்ஸ், வங்கதேசம், வியட்நாம் உழவர்களிடம் இந்தக் குழாயைப் பரப்பினார்கள். தண்ணீர் மிச்சம் ஒரு பக்கம். எப்போதும் தேங்கி நிற்கும் சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேனும் இதனால் வெகுவாகக் குறைகிறது. நிலத்தடி நீரில் ஆர்சனிக் உள்ள வங்கதேசத்தில் அரிசியில் அந்த நஞ்சு ஏறுவதும் குறைகிறது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்த 20 சென்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு 20 சென்டில் அதே ரகத்தைப் பழைய முறையில் நடுங்கள். அறுத்ததும் இரண்டையும் தனித்தனியாகத் தூற்றி, வீட்டில் உள்ளவர்கள் முன்னிலையில் எடை போடுங்கள்.