நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் கண்டுபிடிக்க எப்படிக் கத்துக்கறது?

மேப் கையில இருந்தும் மேல பாத்தா வெறும் புள்ளியாத்தான் தெரியுதுன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் முதல் ரெண்டு மாசம் அப்படித்தான் இருந்துச்சு, ஏன்னா போன்ல உள்ளங்கை சைஸ்ல பாத்த உருவத்தை வானத்துலயும் அதே சைஸ்ல தேடிக்கிட்டு இருந்தேன், நிஜத்துல அது எவ்ளோ பெருசு! கையை நேரா நீட்டி முஷ்டி பிடிச்சா அதோட அகலம் சுமார் 10 டிகிரி. வேட்டைக்காரன் உருவத்துல இருக்கற ஓரியன் கூட்டத்துல திருவாதிரை, ரைஜல்ங்கற ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுலயே கிட்டத்தட்ட ரெண்டு முஷ்டி இருக்கு. இது தெரிஞ்ச அன்னைக்குத்தான் ஓரியன் முழுசா கண்ணுல பட்டுச்சு, அந்த சந்தோஷம் இன்னும் போகல.

மொத்தம் 88 கூட்டம், அத்தனையும் மனப்பாடம் பண்ண உக்காராதீங்க, ஒண்ணே ஒண்ணைப் பிடிங்க. ஜனவரியிலருந்து மார்ச் வரைக்கும் இருட்டினதும் ஓரியனைத் தேடுங்க, நடுவுல மூணு நட்சத்திரம் நெருக்கமா வரிசையா நிக்கும், அதான் வேட்டைக்காரனோட பெல்ட். அந்த வரிசையை ஒரு பக்கம் நீட்டிக்கிட்டே போனா ராத்திரி வானத்துலயே பளிச்சுன்னு இருக்கற நட்சத்திரமான சிரியஸ் கிட்ட போயிடலாம், மறுபக்கம் நீட்டினா லேசா ஆரஞ்சு கலர்ல ரோகிணி, அதையும் தாண்டினா சின்னக் கொத்தா கார்த்திகை. சின்ன வயசுலருந்து பேரா மட்டும் கேட்டதெல்லாம் நிஜமாவே மேல இருக்குங்க!

அப்புறம் ஒவ்வொரு நட்சத்திரமும் முந்தின நாளை விட சுமார் 4 நிமிஷம் முன்னாடியே உதிக்கும், மாசத்துக்கு 2 மணி நேரம் ஆயிடும். அதனாலதான் ஜூன் மாசம் ராத்திரி ஓரியனைத் தேடினா கிடைக்காது, அப்போ எதிர்ப்பக்கத்துல இருக்கற விருச்சிகமும் அதோட நடுவுல சிவப்பா கேட்டையும் தெரியும்.

புரிஞ்சுக்கணும்னா தூரத்தையும் சேத்து யோசிங்க. வேட்டைக்காரனோட தோள்ல இருக்கற பெல்லாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டு, கால்ல இருக்கற ரைஜல் சுமார் 860. நாம நிக்கற இடத்துலருந்து பாக்கறதாலதான் ரெண்டும் ஒரே உருவத்துல சேந்து தெரியுது.

ஆப் வேணாம்னு சொல்லல, ஆனா முதல்ல கண்ணால தேடிட்டு அப்புறம் சரிபாக்க மட்டும் எடுங்க, இருட்டுக்குக் கண்ணு நல்லா பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஸ்கிரீன் வெளிச்சம் ஒரு நொடியில அதைக் கெடுத்துடும். மேப்புல இல்லாத ஒண்ணு மினுக்காம பிரகாசமா நின்னா குழம்பாதீங்க, அது பெரும்பாலும் வியாழனோ வெள்ளியோதான்.