பிரேக் நிமிடம் கைக்காசு மாதிரி

கேள்வி: ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். அமெரிக்காவில் டாக்டராக உரிமம் பெறுவதற்கான யூஎஸ்எம்எல்இ தேர்வில் ஸ்டெப் 1 எழுதப் போகிறேன். பாடத்தில் ஓரளவு தைரியம் வந்துவிட்டது. ஆனால் நீட் பிஜி மாடல் தேர்வின் மூன்றரை மணி நேரத்துக்கே கடைசியில் கண் சொருகுகிறது. 8 மணி நேரம் எப்படித் தாக்குப்பிடிப்பது? பிரேக்கை எப்படிப் பிரிப்பது, எப்போது சாப்பிடுவது?
– வாசகர், மதுரை

பதில்: தம்பி, நான் 2022-ல் எழுதிய அமைப்பை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தேதிக்கு எத்தனை பிளாக் (நேரம் குறித்துத் தரும் கேள்விப் பகுதி), எவ்வளவு பிரேக் என்பதை யூஎஸ்எம்எல்இ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்கு 7 பிளாக். ஒவ்வொன்றும் 60 நிமிடம், அதிகபட்சம் 40 கேள்வி. நாள் முழுவதற்கும் சேர்த்து பிரேக் 45 நிமிடம். தொடக்கத்தில் 15 நிமிடம் டுட்டோரியல், அதாவது தேர்வுத் திரையை எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கம். அதை வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனதால், அங்கே ஹெட்போன் சத்தத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுத் தாண்டினேன். மிச்சமான நிமிடங்கள் பிரேக் கணக்கில் சேர்ந்தன. ஒரு பிளாக்கைச் சீக்கிரம் முடித்தாலும் மீதி அங்கேதான் சேரும். ஆனால் முடித்த பிளாக்குக்குள் திரும்பப் போக முடியாது.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. கோட்டை விட்டது வாசலில்.

ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் கையெழுத்து. உள்ளே வரும்போது பாஸ்போர்ட், மறுபடி கையெழுத்து, பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டுவது, சட்டைக் கையை மடிப்பது, கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பது, மெட்டல் டிடெக்டர். இத்தனையும் உங்கள் பிரேக்கில்தான் ஓடும். ஆறாவது பிளாக் முடிந்தபோது என்னிடம் 4 நிமிடம் மிச்சம். பாத்ரூம்தானே என்று எழுந்து போனேன். திரும்பினால் எனக்கு முன்னால் ஒருவர் கார்கோ பேண்டில் நிற்கிறார். ஆறு பாக்கெட், ஆறையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டுகிறார். உட்கார்ந்து பார்த்தால் கடைசி பிளாக்கில் 60-க்குப் பதில் 54 நிமிடம். பிரேக் தாண்டினால் கடைசியிலிருந்துதான் கழிப்பார்கள். பாஸ் ஆனேன், அது வேறு கதை; அந்த 54 நிமிடமும் காதுக்குள் இதயம் அடித்தது.

அதனால் வெளியே போய் வர 5 நிமிடம் தானாகப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிளாக் முடிந்ததும் எழ வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள், போதும். அந்த ஒரு நிமிடமும் பிரேக்தான், தூங்கிவிடாதீர்கள். டுட்டோரியலில் மிச்சமாவதையும் சேர்த்து, இரண்டாவதுக்குப் பிறகு 10, நான்காவதுக்குப் பிறகு சாப்பாட்டோடு 20, ஐந்துக்கும் ஆறுக்கும் பிறகு பத்துப் பத்து. மூன்றாவதுக்குப் பிறகு உடம்பு கேட்டால் மட்டும் 5. களைத்த பிறகு எடுக்கும் பிரேக்கில் பாதி பயன்தான். அதற்கு முந்தைய இடைவெளியிலேயே எழுந்துவிடுங்கள்.

சாப்பாடு: அம்மா டப்பா நிறையத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார். பசியில் முழுதும் காலி. ஐந்தாவது பிளாக்கில் ஒரே கேள்வியை மூன்று தடவை படித்தும் நோயாளி ஆணா பெண்ணா என்று மனதில் நிற்கவில்லை. நீங்கள் பொடி தடவிய இட்லி இரண்டு, வாழைப்பழம், கொஞ்சம் கடலைமிட்டாய் கொண்டு போங்கள். லாக்கரில் வைத்து, ஒவ்வொரு பிரேக்கிலும் இரண்டு வாய். காபி உங்களுக்குப் பழக்கம் என்றால் குடியுங்கள், அரை டம்ளர் மட்டும். முழு டம்ளர் பிளாக்கின் நடுவில் பாத்ரூமை நினைவூட்டும். லாக்கரில் இருக்கும் போனைத் தொடவே கூடாது, பிரேக்கிலும்.

பிளாக்குக்குள் 20-வது கேள்வியில் 30 நிமிடம் மிச்சம் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை பாருங்கள். தவறுக்கு மார்க் கழிப்பதில்லை. எனவே தெரியாததற்கும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள்.

கண் சொருகுவது பழக்கத்தால்தான் போகும். தேர்வுக்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். அதிகாரபூர்வ இலவச 120 கேள்விகள் 3 பிளாக், யூவேர்ல்ட் என்ற ஆன்லைன் கேள்வி வங்கியில் நாற்பது நாற்பதாக 4 பிளாக், மொத்தம் ஏழு. அதே நேரத்தில் தொடங்குங்கள், அதே இட்லி. பிரேக்கில் மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள், போனை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு. மாடிப்படி ஏறி இறங்கும் நேரத்தை வாசல் சோதனைக்கு ஆகும் நேரமாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், பாக்கெட் இல்லாத பேண்ட் ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள்.