இரண்டாவது பிள்ளையா, கணவரின் விசாவா: எது முதலில்?

கேள்வி: எனக்கு 36 வயது. பிறந்தது யாழ்ப்பாணம், இப்போது பிரித்தானியப் பிரஜை. 3 வயது மகளோடு லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை. நான் 14 மாதமாக ஒரே இடத்தில் முழுநேர வேலை செய்கிறேன், வருடச் சம்பளம் 31,200 பவுண். வயது போகிறதால் இரண்டாவது பிள்ளையை இனியும் தள்ளிப்போட விருப்பமில்லை. “வயிற்றில் பிள்ளை என்றால் விசா நிச்சயம், முதலில் அதைப் பாருங்கோ” என்கிறார் ஊரிலுள்ள ஏஜென்சிக்காரர். “பிள்ளை கூடினால் காட்ட வேண்டிய வருமானமும் கூடும், விசா வரட்டும்” என்கிறார் இங்குள்ள சித்தப்பா. யார் சொல்வது சரி?

பதில்: தங்கச்சி, இரண்டு பேர் சொல்வதும் பிழை. சித்தப்பா சொல்வது பழைய கதை, ஏஜென்சிக்காரர் சொல்வது வியாபாரம்.

சித்தப்பாவிலிருந்து தொடங்குகிறேன், அவர் பாவம், ஒரு காலத்தில் இருந்த சட்டத்தைத்தான் சொல்கிறார். 2024 ஏப்ரல் 11 வரை ஸ்பொன்சர் செய்பவர், அதாவது கணவரையோ மனைவியையோ இங்கே கூப்பிடுகிறவர், காட்ட வேண்டிய வருட வருமானம் 18,600 பவுண். விசா தேவைப்படும் முதல் பிள்ளைக்கு மேலதிகமாக 3,800, அடுத்தடுத்த பிள்ளைகளுக்குத் தலா 2,400. அந்தக் காலத்திலும் பிரித்தானியப் பிரஜையான பிள்ளை இந்தக் கணக்கில் வந்ததில்லை. உங்கள் மகளும் வந்திருக்க மாட்டாள். அந்தத் திகதியிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் ஒரே தொகைதான், 29,000 பவுண். பிள்ளை ஒன்றென்றாலும் நாலென்றாலும் அதே 29,000. இந்த ஒரு வரியை ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாமல் இரண்டு வருடம் பிள்ளையைத் தள்ளிப்போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இனி ஏஜென்சிக்காரர். கர்ப்பம் என்பது விசா விதியில் ஒரு தகுதியே இல்லை. விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கும் அலுவலர் தேடுவது கல்யாணம் உண்மையா, வருமானம் 29,000 வருகிறதா, இருக்க இடம் உண்டா, கணவருக்கு ஆரம்ப நிலை ஆங்கிலமும் காசநோய்ச் சான்றிதழும் இருக்கின்றனவா என்பதைத்தான். ஸ்கேன் படம் நீங்கள் சேர்ந்து வாழும் தம்பதி என்பதற்கு ஒரு சாட்சியாக உதவும். அதைத் தாண்டி ஒன்றும் செய்யாது. வயிற்றைப் பார்த்து இரக்கப்பட்டு விசா கொடுக்கிற ஹோம் ஒஃபிஸை (விசா முடிவெடுக்கும் உள்துறை அமைச்சு) நான் இன்னும் காணவில்லை.

“முதலில் கர்ப்பமாகட்டும்” என்று அவர் சொல்வதற்குப் பின்னால் அநேகமாக அடுத்த வசனம் ஒன்று காத்திருக்கும். “அவசரம்தானே, விசிட் விசாவில் கூப்பிடுங்கோ, அங்கே வந்த பிறகு மாற்றலாம்.” தயவுசெய்து இந்தப் பொறியில் கால் வைக்காதீர்கள். விசிட் விசாவில் வந்தவர் நாட்டுக்குள் இருந்துகொண்டு ஸ்பவுஸ் விசாவுக்கு, அதாவது கணவன் மனைவிக்கான விசாவுக்கு, மாற விதி இடம் கொடுக்காது. திரும்பிப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குள் ஏஜென்சிக்கு ஒருமுறை காசு, விசிட் விசாவுக்கு ஒருமுறை கட்டணம், டிக்கெட், பிறகு ஸ்பவுஸ் விசாவுக்கு மறுபடி எல்லாம். விசிட் விசா மறுக்கப்பட்டால் அந்த மறுப்பையும் அடுத்த விண்ணப்பப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆக, உங்கள் விஷயத்தில் கர்ப்பம் எந்த மாதம் என்பது கேள்வியே இல்லை. உங்கள் சம்பளத் துண்டு எந்த மாதம் குறையப் போகிறது என்பதுதான் கேள்வி.

ஒரே முதலாளியிடம் 6 மாதத்துக்கு மேல் நிரந்தரச் சம்பளத்தில் வேலை செய்பவர், விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதச் சம்பளத் துண்டுகளையும், அந்தச் சம்பளம் வந்து விழுந்த வங்கிக் கூற்றுகளையும், முதலாளியின் கடிதத்தையும் கொடுக்க வேண்டும். அந்த 6 மாதத்தில் எந்த மாதச் சம்பளம் ஆகக் குறைவோ, அதையே வருடத்துக்குப் பெருக்கிப் பார்ப்பார்கள். சராசரி எடுப்பதில்லை. 29,000ஐ 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2,417. உங்கள் மாதச் சம்பளம், வரி கழிக்க முந்தி, 2,600. அதாவது உங்களுக்கு இருக்கிற இடைவெளி மாதத்துக்கு 183 பவுண் மட்டும். ஒரு வாரம் சம்பளமில்லா லீவு எடுத்தால் போதும், அந்த மாதம் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

ஏன் இதை இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், இரண்டாவது பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர் கட்டாயம் ஊருக்குப் போவார். வாட்ஸ்அப்பில் பிள்ளை கிடைக்காது. இருக்கிற லீவு முடிந்து, “இன்னும் இரண்டு கிழமை சம்பளமில்லாமல் நிற்கிறேன்” என்று மேலாளரிடம் கேட்பார். அந்த இரண்டு கிழமை அவருடைய விண்ணப்பத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும், ஏனென்றால் அந்தத் துண்டு 6 மாத வட்டத்தை விட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும். சத்தி தலைச்சுற்றென்று வீட்டில் நின்று, முழுச் சம்பளமில்லாமல் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் மட்டும் வாங்கினாலும் அந்த மாதத் துண்டு குறையும்.

சரி, விண்ணப்பிக்க முதலே கர்ப்பமாகி, மகப்பேற்று லீவும் தொடங்கிவிட்டால்? இங்கேதான் விதியில் ஒரு நல்ல கதவு இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரிந்த மீதிப் பேர் இதைப் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள்.

மகப்பேற்று ஊதியம் முதல் 6 வாரம் உங்கள் சராசரிச் சம்பளத்தில் 90 வீதம். அதற்குப் பிறகு 33 வாரம் சட்டம் குறிக்கும் தட்டையான தொகை, வாரம் 200 பவுணுக்கும் குறைவு. அந்தத் தொகையைப் பெருக்கிப் பார்த்தால் 29,000க்குப் பக்கத்திலும் வராது. பெண்கள் பயப்படுவதும் இதைப் பார்த்துத்தான். ஆனால் ஸ்பொன்சர் மகப்பேற்று லீவில் இருந்தால், வருமானத்தைக் கணக்குப் பார்க்க லீவு தொடங்கிய நாளுக்கு முந்தைய காலத்தை எடுக்கலாம் என்று விதி சொல்கிறது. வேலையில் 6 மாதம் இருந்தாரா என்பதையும் அந்த நாளை வைத்தே பார்க்கலாம். அதாவது செப்டம்பர் 1 லீவு தொடங்கி, டிசம்பரில் விண்ணப்பித்தாலும், மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான முழுச் சம்பளத் துண்டுகளைக் காட்டலாம். அதற்கு முதலாளியின் கடிதத்தில் லீவு எந்தத் திகதி தொடங்கியது, என்ன மகப்பேற்று ஊதியம் கிடைக்கிறது என்பது இருக்க வேண்டும். “இவர் எங்கள் ஊழியர்” என்று ஒற்றை வரியில் வரும் கடிதம் உதவாது. லீவுக்குப் பிந்தைய துண்டுகளையும் ஒளிக்காமல் சேர்த்துக் கொடுங்கள், அவை ஏன் குறைந்தன என்பதைக் கடிதமே சொல்லும்.

ஆனால் இந்தக் கதவு லீவில் இருப்பவருக்குத்தான். வேலையை விட்டவருக்கு இல்லை. லீவு முடிந்து, பிள்ளையைப் பார்க்க வசதியென்று வாரம் 3 நாளாகக் குறைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியவருக்கும் இல்லை. அவருக்கு அந்தக் குறைந்த சம்பளம்தான் கணக்கு. “பிள்ளை கொஞ்சம் வளரட்டும், ஆறுதலாக அப்ளை பண்ணுவம்” என்று லீவு முழுவதையும் கழித்துவிட்டு, அரைநேர வேலைக்குப் போன பிறகு என்னிடம் வருகிறார்கள். லீவில் இருந்தபோதே வந்திருந்தால் நேராக முடிந்திருக்கும்.

இன்னொன்று, சம்பளம் கூட்ட என்று இந்த நேரத்தில் வேலை மாறாதீர்கள். இந்த 6 மாதத் துண்டு வழியில் போவதென்றால் புது வேலையில் 6 மாதம் மறுபடி எண்ண வேண்டும். அதோடு, சட்டப்படியான மகப்பேற்று ஊதியம் கிடைக்க, பிரசவ வாரத்துக்கு முந்தைய 15ஆவது வாரத்தில் அதே முதலாளியிடம் தொடர்ச்சியாக 26 வாரம் முடிந்திருக்க வேண்டும். கர்ப்பத்தோடு வேலை மாறினால் அதுவும் கைவிட்டுப் போகும்.

வருமானம் கொஞ்சம் குறைகிற வீடுகளுக்கு ஒருவர் தேடி வருவார். “என்ர கடையில் உங்களுக்குப் பே ஸ்லிப் போட்டுத் தாறன், காசை நீங்கள் எனக்குத் திருப்பித் தாங்கோ” என்பார். ஹோம் ஒஃபிஸ் வரித் திணைக்களத்தின் பதிவுகளோடு ஒத்துப் பார்க்கும். பொய் ஆவணம் என்று பிடிபட்டால் கணவருக்கு 10 வருடத் தடை வரலாம். அப்போது இரண்டாவது பிள்ளை அப்பாவைக் காணொளியில்தான் பார்த்து வளரும். உங்களுக்கு 31,200 இருக்கிறது, இப்படி ஒருவரின் பேச்சைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லியும் யாராவது உங்களிடம் காசு வாங்குவார். ஒரு படுக்கையறை, ஒரு வரவேற்பறை என்றால் சட்டக் கணக்கில் 2 அறை, 3 பேர் இருக்கலாம். 1 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை எண்ணப்படாது, 1 முதல் 10 வயதுக்குள் அரை ஆள். நீங்களும் கணவரும் 2, மகள் அரை, கைக்குழந்தை பூச்சியம். அந்தக் குழந்தைக்கு 1 வயதானாலும் சரியாக 3. வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் போதும், வீட்டுச் சோதனை அறிக்கை கட்டாயமில்லை. பிள்ளைக் கொடுப்பனவு எடுத்தால் கணவருக்கு விசா வராது என்பதும் வெறும் பயமுறுத்தல். நீங்கள் பிரித்தானியப் பிரஜை, உங்கள் உரிமையில் எடுப்பதற்கு அவர் பொறுப்பில்லை. அந்தக் காசு 29,000க்குள் சேராது, அவ்வளவுதான்.

கணவரின் வங்கிச் சம்பளமும் இப்போதைக்குச் சேராது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது உங்கள் வருமானம் மட்டும்தான். ஆனால் அவருக்குக் கிடைக்கும் முதல் விசா 33 மாதம், வந்ததும் வேலை செய்யலாம், நீடிப்பு விண்ணப்பத்தில் இருவர் சம்பளத்தையும் கூட்டலாம். நீங்கள் பிள்ளைக்காக அரைநேரத்துக்குக் குறைப்பதென்றால் அந்தக் காலத்தில் குறையுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பக் கட்டணம் சுமார் 2,000 பவுண். அரச மருத்துவ சேவைக்கான சுகாதாரக் கட்டணம் வருடம் 1,035 வீதம் மூன்று வருடத்துக்கு 3,105. 33 மாத விசாவுக்கு ஏன் 36 மாதக் காசு என்று கேட்காதீர்கள். அரை வருடத்துக்கு மேலே போனால் முழு வருடம் என்பது அவர்களுடைய கணிதம். கட்டும் நாளில் அரச இணையத்தளத்தில் தொகையைப் பாருங்கள், வருடா வருடம் கூட்டுகிறார்கள். 29,000 குறையும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2025 ஜூனில் குடிவரவு ஆலோசனைக் குழு 23,000 முதல் 25,000 வரை போதும் என்ற வழியையும் காட்டி அறிக்கை கொடுத்தது. அறிக்கை அறிக்கையாக இருக்கும், உங்கள் வயதுதான் காத்திருக்காது.

யாரிடம் உதவி கேட்பது? இங்கிலாந்தில் குடிவரவு ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை அதன் பெயர் ஓ.ஐ.எஸ்.சி. பதியாமல் ஆலோசனை சொல்வது குற்றம். பதிவுப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, பெயரை அடித்துப் பாருங்கள். ஊரிலுள்ள ஏஜென்சிக்காரரை அந்தச் சட்டம் எட்டாது. அவர் காசை வாங்கிக்கொண்டு போனால் முறையிட இங்கே இடமில்லை.

இப்போது செய்ய வேண்டியது: கடைசி 6 சம்பளத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். வரி கழிக்க முந்திய தொகை ஒன்றிலும் 2,417க்குக் கீழே இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள், ஆகப் பிந்திய துண்டு விண்ணப்ப நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்கட்டும். கணவர் கைரேகை கொடுத்த பிறகு முடிவுக்குச் சொல்லப்படும் காலம் 12 வாரம். அது இழுபடலாம். கர்ப்பமானாலும் மகப்பேற்று லீவு ஆக முந்தி பிரசவ வாரத்துக்கு 11 வாரம் முன்னர்தான் தொடங்க முடியும், ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, வேலையை மட்டும் விடாமல், மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போங்கள். டிக்கெட் போட முதல் மேலாளரிடம் எத்தனை நாள் சம்பளத்தோடு லீவு மிச்சம் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், விண்ணப்பம் ஏதும் பிழையாகி மறுபடி போட வேண்டி வந்தால் அந்த லீவு மாதச் சம்பளத் துண்டுகளும் தேவைப்படும்.