பித்தப்பை எடுத்தாச்சு, இனி காலம் முழுக்க ரசம் சாதம்தானா?

கேள்வி: என் வயது 49. கல் இருந்ததால் மூன்று வருடங்களுக்கு முன் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து காலை டிபன் சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. சில நாள் இரண்டு மூன்று முறை தண்ணீராகப் போகிறது. பயத்தில் எண்ணெய், தேங்காய், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இட்லி, கஞ்சி, ரசம் சாதம் என்றே ஓட்டுகிறேன். ஆனாலும் எடை 6 கிலோ கூடிவிட்டது. இரண்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சமீபத்திய ஸ்கேனில் ‘பொதுப் பித்தநாளம் 8 மி.மீ., லேசான விரிவு. கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை’ என்று எழுதியிருக்கிறார்கள். பித்தப்பை இல்லாதவர்களுக்குப் பின்னாளில் கேன்சர் வரும் என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். என்ன செய்வது?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் அந்த 8 மி.மீ. விஷயத்தை முடித்துவிடுவோம். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய்தான் பித்தநாளம். அது சாதாரணமாக 6 மி.மீ. வரை இருக்கும். பித்தப்பையை எடுத்த பிறகு அது கொஞ்சம் அகலமாவது வழக்கம்தான். வலி, மஞ்சள் காமாலை எதுவும் இல்லாமல், ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனை முடிவும் சரியாக இருந்தால் 10 மி.மீ. வரை இருந்தாலும் பெரும்பாலும் கவலை இல்லை. இனி எங்கே ஸ்கேன் எடுத்தாலும் பித்தப்பை எடுத்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் வரும் பாதிப் பயம் அதிலேயே குறையும்.

அப்புறம், பித்தத்தைச் சுரப்பது பித்தப்பை அல்ல, கல்லீரல். தினமும் அரை லிட்டருக்கு மேல் சுரக்கிறது. அதில் கொஞ்சத்தைச் சுண்டவைத்து, சாப்பிடும் நேரத்துக்காகச் சேர்த்து வைப்பதுதான் பித்தப்பையின் வேலை. அதன் கொள்ளளவே 30 முதல் 50 மி.லி.தான். மேல்தொட்டியை எடுத்துவிட்டு மோட்டாரிலிருந்து நேராகக் குழாய்க்கு இணைப்புக் கொடுத்த வீடு மாதிரி இப்போது உங்கள் உடல். தண்ணீர் வருகிறது, ஆனால் வேண்டும்போது ஒரேயடியாகக் கொட்டாது. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அன்றிலிருந்து அது இல்லாமல் முழு ஆயுளும் வாழ்ந்தவர்கள் கோடிக்கணக்கானோர். குதிரைக்குப் பிறவியிலேயே கிடையாது.

சரி, காலை ஓட்டம் ஏன்? இரவில் சேமிக்க இடமில்லாததால் பித்தம் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. அதிலுள்ள அமிலங்களைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெரும்பாலும் திரும்ப உறிஞ்சி, கல்லீரலுக்கே அனுப்பிவிடும். சிலருக்கு அளவு அதிகமாகி மிச்சம் பெருங்குடலுக்குள் போகிறது. அங்கே அது தண்ணீரைச் சுரக்கவைத்து, பேதி மாத்திரை போட்டதுபோல் வேலை செய்யும். டிபனோடு ஒரு காபியும் உள்ளே போனால் குடல் இன்னும் வேகமாக அசையும். பித்தப்பை எடுத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. பலருக்குச் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும், சிலருக்குத் தொடரும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது மெட்ஃபார்மினைத்தான். வயிற்றுப்போக்கு அதன் பிரபலமான பக்கவிளைவு. ஆபரேஷன் முடிந்த முதல் வருடத்தில் எப்படி இருந்தது, மாத்திரை தொடங்கிய பிறகு கூடியதா என்று யோசித்துப் பாருங்கள். கூடியிருந்தால் உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ, அளவை மாற்றி அமைத்தாலோ பலருக்குச் சரியாகிவிடுகிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பித்தப்பை எடுத்த பிறகு உடம்பில் எது நடந்தாலும் அதன் தலையிலேயே பழியைப் போடுவது நம் வழக்கமாகிவிட்டது. வாயு, தலைசுற்றல், முடி கொட்டுவது வரைக்கும்! அதனால் உண்மையான காரணம் தப்பித்துவிடுகிறது.

மெட்ஃபார்மின் காரணமில்லை, தைராய்டும் சரியாக இருக்கிறது, மலப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்றால் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் பவுடர் உதவும். அது கேட்கிறதா என்று பார்ப்பதே நோயைக் கண்டுபிடிக்கவும் நாங்கள் பயன்படுத்தும் வழி. ஒரு சிக்கல் உண்டு. மற்ற மாத்திரைகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், அவற்றை ஒரு மணி நேரம் முன்னதாகவோ நான்கு மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகமிருந்தால் இந்த மருந்து அதை மேலும் கூட்டக்கூடும், அதனால் முன்பே ரத்தத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். பித்தப்பை இல்லை என்பதற்காக மட்டும் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை எதுவும் கிடையாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வருடக்கணக்கில் போடும் அல்சர் மாத்திரையும் இதில் சேரும்.

இனி சாப்பாடு. நீங்கள் எண்ணெயை விட்டீர்கள், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது முழுக்க அரிசி. இட்லி, கஞ்சி, ரசம் சாதம் மூன்றும் ஒரே மாவுச்சத்துதான். மிஞ்சும் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. எடை கூடியதற்கும், ஸ்கேனில் கொழுப்பு தெரிவதற்கும், சர்க்கரைக்கும் இந்தப் பத்தியச் சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு. சொல்லப்போனால் பித்தக்கல், கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது சகஜம். இன்சுலின் சரியாக வேலை செய்யாதது மூன்றுக்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே முட்டை, மீன், பருப்பு, சுண்டல் எல்லாம் திரும்பி வரட்டும். எண்ணெய் நாளுக்கு நான்கு டீஸ்பூன் வரை இருக்கலாம், ஆனால் மூன்று வேளைக்கும் பிரித்து. தேங்காய்ச் சட்னி இரண்டு ஸ்பூன் போதும். நெய் ஒழுகும் பொங்கலும் வடையும் ஒரே வேளையில் சேர்ந்தால்தான் வம்பு. இரவுச் சாப்பாட்டுக்கும் டிபனுக்கும் நடுவே 12 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொய்யா, ஓட்ஸ், வெண்டைக்காய், அவரைக்காய் போன்றவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து மலத்தை இறுக்கிக் கொடுக்கும். இசப்கோல் ஒரு ஸ்பூன் எடுப்பதும் நல்லதே. மலச்சிக்கலுக்குத் தருவதை இதற்கு ஏன் என்று கேட்கலாம். அது தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழப்பாகும், அதனால் இரண்டுக்குமே உதவுகிறது. ‘கல்லீரலைச் சுத்தப்படுத்தும்’ பானங்களுக்குச் செலவழிக்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம் நடப்பதும், கூடிய 6 கிலோவை மெதுவாக இறக்குவதும்தான் உங்கள் கல்லீரலுக்கு மருந்து.

கேன்சர் பற்றி: சில ஆய்வுகள் பெருங்குடல் புற்றுநோயோடு சிறிய தொடர்பைக் காட்டின, சில காட்டவில்லை. இது காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இவற்றில் ஏதாவது இருந்தால் பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி அவசியம். பித்தப்பை இருப்பவருக்கும் இதே விதிதான்.

பழைய வலி போலவே மேல்வயிற்றில் வந்தால் இரண்டை நினைவில் வையுங்கள். ஒன்று, சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் மேல்வயிற்று வலியாகவோ, நெஞ்செரிச்சலாகவோ மட்டும் தலைகாட்டும். வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் முதலில் ஈசிஜி. இன்னொன்று, பித்தநாளத்துக்குள் கல். ஆபரேஷனின்போது மிஞ்சியதாக இருக்கலாம், வருடங்கள் கழித்துப் புதிதாகவும் உருவாகலாம். பித்தநாளத்தைப் படம்பிடிக்கும் எம்ஆர்சிபி ஸ்கேனில் தெரியும், எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிட முடியும். வலியோடு குளிர்காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் அடர் நிறத்தில் போவது என்று சேர்ந்து வந்தால் நாளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம், அது அவசர நிலை. ‘பையே இல்லையே, கல் எங்கிருந்து வரும்?’ என்று வீட்டில் யாராவது சொன்னாலும் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.