டொல்பின் வானை விற்பதா, இன்னும் வைத்திருப்பதா?

பொத்துவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சிறிய காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றைப் பொருத்திய டொயோட்டா டொல்பின் வான் ஒன்றைப் பத்து ஆண்டுகளாக வைத்திருக்கிறார். சீசனில் அறுகம்பைக்கு வருபவர்களுக்கு அதை வாடகைக்கு விடுகிறார். மற்றக் காலத்தில் குடும்பப் பயணத்துக்கு அது உதவுகிறது. இப்போது கியர்பெட்டியில் சத்தம் கேட்கிறது, கூரையில் ஒழுக்கும் தொடங்கிவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டு இதை வைத்திருக்கலாம் என்பதே அவருடைய கேள்வி.

இதற்கு ஆண்டுக் கணக்கில் விடை சொல்ல முடியாது. எங்கள் கரையோரத்தில் ஒரு வானின் ஆயுளைத் தீர்மானிப்பது கறள்தான். டொல்பினின் டீசல் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் பாவித்த உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள். நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளட்சை மிதித்தவுடன் நின்றுவிடுகிறது என்றால், பெரும்பாலும் கியர்பெட்டியின் முன் தண்டிலுள்ள பெயரிங் தேய்ந்திருக்கும். அதற்காக வானை விற்கச் சொல்பவரின் பேச்சை நான் கேட்கமாட்டேன்.

கூரை ஒழுக்கும் தரைத்தகடும் வேறு கதை. லொறிக்கு இருப்பதுபோல் இந்த வானுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடும் அதன் கீழ் நீளவாக்கில் ஓடும் சட்டங்களும் வெல்டிங்கில் ஒன்றாக ஒட்டப்பட்டவை என்பதால், அங்கே கறள் தின்றால் வானின் முதுகெலும்பையே தின்றதாகும். கூரையில் காற்றுத்துளைக்காக வெட்டிய இடத்தால் இறங்கும் நீர் பலகைக்கும் தகட்டுக்கும் இடையில் தேங்கி, வெளியே பெயின்ற் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும். ஆகவே கட்டிலைக் கழற்றி, விரிப்பை உரித்து, பின்சில்லு வளைவுகளின் ஓரத்தையும் பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும் திருப்புளிப் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலித்துச் செதிலாக உதிரும். சந்தேகமான இடத்தில் திருப்புளி முனையை அழுத்தும்போது உள்ளே இறங்கினால், புட்டி பூசி மறைக்கும் டிங்கரிங் வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கதவிலோ சில்லு வளைவிலோ ஓட்டை இருந்தால் வெட்டி ஒட்டலாம். ஸ்பிரிங் பிடிக்கும் இடம் பொத்தலாகியிருந்தால் விற்பதே சரி, அதையும் வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும்.

வாடகை வான்களைப் பழுதாக்குவது சீசன் ஓட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில், நவம்பர் முதல் மாரி மழையில் அசையாமல் நிற்கும் மாதங்களே கூடிய சேதம் செய்கின்றன. உப்பு மணல் அடியில் ஒட்டியபடி ஈரம் காயாமல் கிடக்கிறது, பற்றரி இறங்குகிறது, ரயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகிறது. ஒக்டோபரில் நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவி, கச்சான் காற்றின் வெயில் மிச்சமிருக்கும்போதே நன்கு காயவிட்டு, கறளைத் தடுக்கும் அண்டர்கோட் பூச்சை அடியில் பூசி, கூரையுள்ள இடத்தில் நிறுத்தினால் ஆயுள் பல ஆண்டு கூடும். ரயரின் ஓரத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாவிட்டாலும் பத்து ஆண்டைத் தாண்டிய ரயரில் ஆட்களை ஏற்றக்கூடாது.

பணக் கணக்குக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வான்களின் விலை, வயது கூடியும் இறங்காமல் ஏறியது. அந்தக் காலத்தில் வைத்திருந்ததே இலாபம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதால் அந்த ஏற்றத்தை நம்பி இனிமேல் காத்திருக்க வேண்டாம். கடந்த மூன்று ஆண்டுகளில் திருத்தத்துக்குச் செலவான தொகையைக் கூட்டி மூன்றால் வகுங்கள். அது சீசன் வருமானத்தின் பாதியைத் தாண்டினால், அல்லது திருத்தத்துக்காக நின்ற நாட்களால் முன்பதிவுகள் கைவிட்டுப் போயிருந்தால், மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இது என்னுடைய அளவுகோல், சட்டமல்ல.

உங்கள் வானைப் பொறுத்தவரை, மழை ஓய்ந்த பெப்ரவரியில் தரைத்தகட்டைப் பரிசோதியுங்கள். தகடு உறுதியாக இருந்தால் கியர்பெட்டியையும் கூரையையும் திருத்தி, டைமிங் பெல்ற் கடைசியாக மாற்றிய கிலோமீற்றரையும் பாருங்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்குள் அதை மாற்றியிருக்க வேண்டும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். தகடு பொத்தலாக இருந்தால் சீசனுக்கு முன், மார்ச்சிலேயே விற்பனைக்கு விடுங்கள். தேவை கூடும் காலம் அது. இடையில் எஞ்சினை மாற்றியிருந்தால், புதிய இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலையும் தண்ணீர்த் தாங்கியையும் கழற்றி அடுத்த வானுக்கு வைத்துக்கொள்ளலாம்; காஸ் குழாயையும் ரெகுலேற்றரையும் மட்டும் புதிதாக வாங்குங்கள், காஸ் காற்றைவிடப் பாரமானது என்பதால் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளையும் விடுங்கள்.